ஆறு பேர் வீடு, நாலு முள்கரண்டி: லெஸார்க் அபார்ட்மென்ட் கதை

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு வாழைப்பூ வடை போடுவதாகச் சொல்லியிருந்தேன், ஞாபகம் இருக்கிறது. அது இன்னொரு நாள். இன்றைக்கு வேறு ஒன்றைக் கொட்டித் தீர்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பனிமலைக்குப் போய் வந்தோம் இல்லையா, அந்த அபார்ட்மென்ட்டை வாடகைக்கு விட்ட ஏஜென்சியிடமிருந்து மெயில் வந்தது. பெயர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். வீட்டுச் சாமான் பட்டியலில் இரண்டு ஃபோன்டு முள்கரண்டி குறைகிறதாம். ஆறு இருக்க வேண்டுமாம், நாலுதான் இருக்கிறதாம். அதனால் டெபாசிட்டில் 18 யூரோ பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார்களாம்.

18 யூரோ! இரண்டு முள்கரண்டிக்கு! எங்கள் ஊர் சூப்பர்மார்க்கெட்டில் அந்தக் காசுக்குக் கரண்டி, சட்டி, அடுப்பு எல்லாம் சேர்த்து ஒரு செட்டே வாங்கலாம். ஃபோன்டு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சட்டியில் சீஸை உருக்கி, நீளமான முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். யாருடைய கரண்டி எது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு நிறம் இருக்கும். எனக்கு ஃபோன்டு பிடிக்கவே பிடிக்காது. அந்த வாடை ஸ்வெட்டரை விட்டுப் போக ஒரு வாரம் ஆகும். பிடிக்காத சாப்பாட்டுக் கரண்டிக்கு நான் தண்டம் கட்ட வேண்டுமா?

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேமராவை ஆன் செய்கிற பழக்கம் எனக்கு உண்டு, உங்களுக்குத் தெரியும். அதற்காக எங்கள் வீட்டுக்காரரிடம் எத்தனை திட்டு வாங்கியிருக்கிறேன்! அந்த வீடியோவைத் தேடி எடுத்தேன். இழுப்பறையைத் திறக்கிறேன், நாலு கரண்டி தெளிவாகத் தெரிகிறது. அதைவிட முக்கியம், பின்னால் சின்னவன் குரல் கேட்கிறது: "அம்மா, பச்சை எங்கே? எனக்குப் பச்சைதான் வேணும்." பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. இதைவிட சாட்சி வேண்டுமா? வந்த அன்றைக்கே குறைகிறது என்று தாளில் எழுதி அவர்கள் பெட்டியில் போட்டிருந்தேன். அந்தத் தாள் வந்து சேரவில்லையாம். சரி, வீடியோ சேரும் இல்லையா? அந்தத் துண்டை மட்டும் வெட்டி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது, மன்னிப்புடன், முழு டெபாசிட்டுடன். நான் அதைச் சத்தமாக வாசித்தேன். வீட்டுக்காரருக்கு இரண்டாவது முறையும் வாசித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் போனது லெஸார்க். பிரான்சில் சவ்வா பகுதியில், பூர் சான் மொரீஸ் என்ற ஊருக்கு மேலே இருக்கிற ஸ்கீ இடம். அங்கே ஆர்க் 1600, 1800, 1950, 2000 என்று தனித்தனியாக நாலு குடியிருப்புகள். பெயரில் இருக்கிற எண்தான் ஏறக்குறைய உயரம், மீட்டரில். நாங்கள் தங்கியது 1800-ல். நாங்கள், குழந்தைகள் இரண்டு பேர், கொழுந்தனார், என் ஓரகத்தி. மொத்தம் ஆறு பேர். விளம்பரத்திலும் "ஆறு பேர்" என்றுதான் போட்டிருந்தது.

அந்த ஆறு பேர் கணக்கைச் சொல்ல வேண்டும். வீடு மொத்தம் 32 சதுர மீட்டர். ஹாலில் இழுத்துப் போடுகிற சோபாவில் இரண்டு பேர். ஒரு குட்டி அறையில் இரண்டு பேர். மீதி இரண்டு பேர், வாசலுக்கும் குளியலறைக்கும் நடுவே இருக்கிற நடையில், மேலும் கீழுமாகக் கட்டில். ஜன்னல் கிடையாது, கதவுக்குப் பதிலாக ஒரு திரை. ரயில் பெர்த்தேதான். பிரெஞ்சு விளம்பரங்களில் இதற்கு 'குவேன் மொந்தாஞ்' என்று போடுவார்கள். அந்தப் பெயர் வந்தால் ஜன்னலைத் தேடாதீர்கள். கதவு இருக்கிற குட்டி அறைக்கு 'கபீன்' என்று போடுவார்கள். அந்த ஒரு கதவுக்காக எவ்வளவு கூடக் கொடுத்தாலும் தகும்.

நடைக் கட்டிலில் பையன்களைப் போடலாம் என்று பார்த்தோம். மேல் கட்டில் ஆறு வயதுக்குக் கீழே இருக்கிறவர்களுக்குக் கூடாது. சின்னவனுக்கு ஐந்து. ஆகவே அவன் கீழே, கொழுந்தனார் மேலே. அவர் உயரம் உங்களுக்குத் தெரியும். காலையில் எழுந்ததும், "அண்ணி, அடுத்த தடவை என்னைக் காசியேவில் படுக்க வையுங்கள், அங்கே இடம் அதிகம்" என்றார். காசியே என்றால் கீழ்த்தளத்தில் ஸ்கீயும் பூட்ஸும் பூட்டி வைக்கிற அலமாரி.

ஆனால் இதில் எனக்கு ஒரு சிக்கல். அந்த வீட்டைத் திட்டவும் மனசு வரவில்லை. ஏனென்றால் அதன் வடிவமைப்புக்குப் பின்னால் இருப்பவர் ஷார்லோத் பெரியான் என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர். 1903-ல் பிறந்தவர், பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேவோடு வேலை செய்தவர். முதன்முதலில் வேலை கேட்டுப் போனபோது, இங்கே யாரும் மெத்தைக்குப் பூவேலை செய்வதில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பினார்களாம். பிறகு அவர்களே கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். சண்டிகர் நாற்காலிகளுக்குப் பெயர்போன பியேர் ஜான்னரே இருக்கிறாரே, அவரும் பெரியானும் அங்கே சேர்ந்துதான் வேலை பார்த்தார்கள். பெரியானுக்கு மலை என்றால் உயிர். லெஸார்க் வேலையை எடுத்தபோது அறுபது வயதைத் தாண்டிவிட்டார். 1967-லிருந்து இருபது வருடத்துக்கு மேல் அந்த வேலைதான். ஆர்க் 1600 திறந்தது 1968-ல்.

அவர் எண்ணம் என்னவென்றால், வீடு சின்னதாக இருக்கட்டும், மனிதர்கள் வெளியே போகட்டும், ஜன்னல் மட்டும் பெரிதாக இருக்கட்டும். கட்டடமும் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்காது, சரிவில் படுத்திருக்கும். எங்கள் கட்டடத்தில் வாசல் மேலே. உள்ளே நுழைந்து லிஃப்டில் கீழே இறங்கினால் வீடு! சின்னவனுக்கு அது கடைசிவரை புரியவில்லை. காலையில் பால்கனிக்கு வந்தால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் மோன் பிளான் சிகரம் தெரிகிறது. ஊருக்குள் கார் கிடையாது, சத்தமும் கிடையாது.

குளியலறையைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். சுவர், தரை, தொட்டி எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும், மூலையே கிடையாது. பாலியெஸ்டரில் தொழிற்சாலையிலேயே செய்து, முழுசாகக் கொண்டுவந்து கட்டடத்துக்குள் வைத்திருக்கிறார்கள். வருடத்தில் பாதி நாள் பனி. கட்டட வேலைக்குக் கிடைப்பது சில மாதங்கள்தான். அதனால் இந்த யோசனை. தேய்த்துக் கழுவுகிறவளாகச் சொல்கிறேன், மூலை இல்லாத குளியலறை மாதிரி சுகம் கிடையாது. இதை யோசித்தவர் ஒரு பெண் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அடுப்படியும் அப்படித்தான். தனி அறை கிடையாது, ஹாலிலேயே ஒரு குட்டைத் தடுப்புக்குப் பின்னால். சமைக்கிறவள் சுவரைப் பார்த்து நிற்காமல் எல்லாரோடும் பேசிக்கொண்டே சமைக்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது. ஓரகத்திக்குப் பிடிக்கவில்லை, தாளிக்கிற வாசனை சோபாவில் ஏறுகிறதாம். இருக்கட்டும். ஆக, சின்ன வீடு என்பது பிரச்சினை இல்லை. அந்தச் சின்ன வீட்டில் எத்தனை பேரைத் திணிக்கலாம் என்று இன்றைக்குக் கணக்குப் போடுகிறவர்கள்தான் பிரச்சினை. நீங்கள் ஆறு பேர் என்றால் எட்டுப் பேர் வீடு பாருங்கள். ஆள் கணக்கை விட்டுவிட்டு சதுர மீட்டரைப் பாருங்கள்.

இப்போது குக்கர். பனிமலைக்கு எதற்குப் பருப்பும் குக்கரும் என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். 1800 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வைத்தால் இன்றைக்கு வேகும், நாளைக்கு வேகும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முட்டை, உருளைக்கிழங்குகூட நேரம் எடுக்கும். குக்கரில் அழுத்தம் ஏறுவதால் சூடும் ஏறும். ஆனாலும் கீழே வைக்கிற விசில் கணக்கு அங்கே போதாது. எனக்கு இரண்டு விசில் கூடுதலாக வேண்டியிருந்தது. இன்னொன்று, அடுப்பு இண்டக்‌ஷனா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நம் அலுமினியக் குக்கர் அதில் வேலை செய்யாது. நான் தீபாவளி வீடியோவில் காட்டிய அந்த ஸ்டீல் குக்கரைத்தான் எடுத்துப் போனேன். பனியில் விழுந்து எழுந்து வந்த ஐந்து பேருக்குச் சுடச்சுட சாம்பார் சாதம். குக்கர் எதற்கு என்று கேட்டவர்தான் மூன்று தடவை போட்டுக்கொண்டார்.

ராக்லெட் மெஷின், அதாவது மேஜையில் வைத்துச் சீஸ் உருக்குகிற மெஷின், வீட்டிலேயே இருந்தது. அது எனக்குப் பிடிக்கும். சீஸ் உருகி உருளைக்கிழங்கு மேல் விழ, கூடவே நம் எலுமிச்சை ஊறுகாய் ஒரு துளி. வைத்துப் பாருங்கள், பிறகு என்னைத் திட்டுங்கள். ஆனால் மெஷின், கெட்டில், ஹீட்டர் மூன்றும் சேர்ந்து ஓடினால் மின்சாரம் விழுந்துவிடும். மெயின் எங்கே என்று பகலிலேயே பார்த்து வையுங்கள்.

கீழே எழுதுபவர்கள் எல்லாரும் செலவைத்தான் கேட்பீர்கள். பிரான்சில் குளிர்காலப் பள்ளி விடுமுறையை மூன்று மண்டலமாகப் பிரித்து விடுவார்கள், நாங்கள் பாரிஸ் பக்கம், சி மண்டலம். பிப்ரவரியில் நாடே மலைக்குக் கிளம்பும், வாடகையும் கிளம்பும். மார்ச் கடைசியில் போனால் எவ்வளவோ குறைவு, ஆனால் பள்ளிக்கூடம் விடாதே. சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரைதான் வீடு. நடுவில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. வாடகை அதோடு முடிவதில்லை. படுக்கை விரிப்பு தனி, துண்டு தனி, ஊர் வரி தனி, கடைசிநாள் சுத்தம் செய்ய தனி. விரிப்புக்கு ஒரு கட்டிலுக்கு 17 யூரோ கேட்டார்கள். நான் வீட்டிலிருந்தே சுருட்டிக் கொண்டுபோனேன். உப்பு, எண்ணெய், குப்பைப் பை, பாத்திரம் தேய்க்கிற ஸ்பான்ஜ், டாய்லெட் பேப்பர், ஒன்றும் இருக்காது. மேலே கடை உண்டு, விலையும் மேலேதான்.

ஐயோ, எப்படிப் போனோம் என்று சொல்லவே இல்லையே. பாரிஸ் லியோன் ஸ்டேஷனிலிருந்து டிஜிவி அதிவேக ரயில், நேராக பூர் சான் மொரீஸ், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஸ்டேஷனை ஒட்டியே ஃபுனிக்குலேர் இருக்கிறது. 1989-லிருந்து ஓடுகிற மலை ரயில், ஏழு நிமிடத்தில் ஆர்க் 1600-ல் விடுகிறது. அங்கிருந்து 1800-க்கு இலவச பஸ். காருக்குப் பனிச் சங்கிலி மாட்டுகிற வேலையே இல்லை. ஆனால் ஃபுனிக்குலேரில் ஏறுவதற்கு முன்னால் கீழே ஊரில் சாமான் வாங்கிவிடுங்கள். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் மட்டும் பாரிஸில் நம் தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பலில் வாங்கி வைத்திருந்தேன். பால், வெங்காயம், தண்ணீர் எல்லாம் பூர் சான் மொரீஸில்.

ஸ்கீ பற்றி நான் அதிகம் பேச மாட்டேன். எனக்கும் உயரத்துக்கும் ஆகாது என்பது பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரியவர் ஒருவருக்கு ஆறு நாள் ஸ்கீ லிஃப்ட் பாஸ் 300 யூரோவைத் தாண்டும். நான் அதை மிச்சம் பிடித்தேன். வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் எகுய் ரூஜ் உச்சிக்குப் போனார்கள், 3,226 மீட்டர். அங்கிருந்து கீழே வில்லரோஜே வரை 7 கிலோமீட்டர், உயரத்தில் 2,000 மீட்டர் இறக்கம். 1992 ஒலிம்பிக்கில் வேக ஸ்கீ போட்டி லெஸார்க்கில்தான் நடந்தது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போனார்களாம். அதைக் கேட்டதிலிருந்து இருவருக்கும் ஒரே பெருமை, இவர்கள் போனது என்னவோ மாட்டு வண்டி வேகம். பக்கத்து ஸ்கீ இடமான லா பிளாஞ் பக்கம் போகிற வனுவாஸ் எக்ஸ்பிரஸ் என்ற இரண்டு மாடி கேபிள் காரில் என்னையும் ஏற்றப் பார்த்தார்கள். ஒரு தடவைக்கு 200 பேராம். 199 பேரோடு போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பெரியவன் ஸ்கீ பள்ளியில் ஃப்ளோக்கோன் பதக்கம் வாங்கினான், பனித்துகள் நிலை. இன்னும் ஜாக்கெட்டிலிருந்து கழற்றவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் குத்திக்கொண்டே போகிறான்.

கிளம்புகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்களுக்கு ரயில் மத்தியானம்தான். பெட்டியை எங்கே வைப்பது என்று ஏஜென்சியிடம் முதல் நாளே கேளுங்கள். எங்கள் இடத்தில் ஒரு அறை கொடுத்தார்கள், அது நல்ல விஷயம், அதையும் சொல்ல வேண்டும். ஃப்ரிட்ஜ், அடுப்பு, குப்பை, மூன்றையும் கதவு பூட்டுவதற்கு முன்னால் படம் பிடியுங்கள். பிடித்த படத்தை டெபாசிட் வரும்வரை அழிக்காதீர்கள்.

குக்கர் எத்தனை லிட்டர் என்று கட்டாயம் கேட்பீர்கள். மூன்று லிட்டர். ஆறு பேருக்குச் சாதம் தனியாக, பருப்பு தனியாக இரண்டு தடவை வைக்க வேண்டும். ஐந்து லிட்டர் எடுத்தால் பெட்டி மூடாது.