வல்லெட்டாவில் ஓபரா எப்போது தொடங்கியது?

மால்டாவின் தலைநகர் வல்லெட்டாவில், போரில் குண்டு விழுந்து இடிந்த ஓபரா அரங்கை, அதாவது வசனத்தைப் பாட்டாகவே பாடி நடிக்கும் இசை நாடகத்துக்கான அரங்கைப் பற்றிச் சென்ற காணொளியில் பேசியிருந்தேன். "அப்படியென்றால் அந்த ஊருக்கு ஓபராவைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்களா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இல்லை, ஆங்கிலேயர் வருவதற்கு வெகு காலம் முன்பே அது அங்கே வேரூன்றிவிட்டது.

தீவை ஆண்ட புனித யோவான் வீரர் சபை என்ற கத்தோலிக்கப் போர்வீரர் அமைப்பின் தலைவர் மனோயல் டி வில்யேனா 1731-இல் தம் சொந்தப் பணத்தில் ஓர் அரங்கம் கட்டினார். வாசலில் லத்தீனில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறது: மக்களின் நேர்மையான பொழுதுபோக்குக்காக என்று பொருள். உள்ளே போனால் மூன்று அடுக்கு மாடங்கள். அத்தனையும் மரம், மேலே தங்க ரேக். 1732 ஜனவரியில் முதலில் மேடையேறியது ஓபரா அல்ல, 'மெரோப்பே' என்ற துன்பியல் நாடகம். நடித்தவர்கள் அந்த வீரர்களே. இத்தாலி பக்கத்திலேயே இருந்ததால் ஓபராவும் சீக்கிரமே வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் பாரிஸில் புகழ்பெற்ற ஓபரா இசையமைப்பாளர் நிக்கோலோ இசுவார் இந்த மண்ணில் பிறந்தவர்தான்.

ஆங்கிலேயர் காலத்தில் எழுந்தது ராயல் ஓபரா ஹவுஸ். லண்டனின் கோவன்ட் கார்டன் அரங்கை வடிவமைத்த எட்வர்ட் பாரியின் வேலை, 1866-இல் திறந்தார்கள். ஏழே ஆண்டில், 1873 மே மாதம், தீப்பிடித்தது. வெளிச்சுவர்கள் தப்பின, உள்ளே இருந்த கல்லெல்லாம் வெந்து சுண்ணாம்பாகிப் போனது. விட்டுவிடவில்லை. 1877-இல் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'ஐடா' ஓபராவுடன் மீண்டும் திறந்தார்கள். 1942 ஏப்ரல் 7 அன்று ஜெர்மன் விமானங்கள் அதைத் தகர்த்தன.

எனக்கு மனம் கனப்பது இதற்குப் பிறகுதான். படிகளும் தூண்களின் அடிப்பாகங்களும் மட்டும் மிஞ்சிய அந்த இடம், ஊரின் வாசலிலேயே, எழுபது ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 2013-இல் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ அதைத் திறந்தவெளி அரங்கமாக மாற்றினார். கூரை வேண்டும் என்று அங்கே பலர் மன்றாடினார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். ஓபரா பாடகர் ஒலிபெருக்கி இல்லாமல் பாடுகிறவர். அந்தக் குரலைத் தாங்கித் திருப்பித் தரச் சுவரும் கூரையும் வேண்டும்.

வில்யேனா கட்டிய அந்தப் பழைய மனோயல் அரங்கமோ, புதியது வந்தபின் வீடற்றவர்கள் படுத்துறங்கும் இடமாகவும் சினிமா கொட்டகையாகவும் சீரழிந்து, பின்னர் அரசு எடுத்துப் புதுப்பித்து 1960-இல் மீண்டும் திறந்தது. வல்லெட்டா போனால் அங்கே ஒரு மாலைக்கு டிக்கெட் எடுங்கள். அது நிற்கும் தெருவுக்கு இன்றும் பழைய தியேட்டர் தெரு என்றே பெயர்.