முட்டை மட்டுமல்ல, மண்ணும்தான்

(இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், பெண்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அக்காமாரே, தங்கச்சிமாரே, வணக்கம். கொழுந்து நிறுத்த கையோடு வந்திருக்கிறீர்கள், இடுப்புப் படங்குகூட இன்னும் காயவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை தங்கவில்லை என்றால் ‘மலடி’ என்ற சொல் எவ்வளவு லேசாக வாயில் வந்துவிடுகிறது! அதைக் கேட்டு அழுத பெண்களோடு உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் இன்றைக்கு, பெண்ணின் முட்டைகள் இருக்கும் உறுப்பான சூலகத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சூலகங்களில் 10 முதல் 20 இலட்சம் முட்டைகள் இருக்கும். வயதுக்கு வரும்போது மூன்று நான்கு இலட்சம்தான் மிஞ்சும். வயது ஏற ஏற முட்டையும் குறையும், தரமும் குறையும். இது பலருக்குத் தெரியும். முட்டையைச் சுற்றியுள்ள திசுவும் இறுகிப் போகிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

மலையில் மழை அடித்து, ஆள் நடந்து, மண் கெட்டியாகிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? மண் கிளறும் முள்ளால் குத்தித் தளர்த்திவிடுகிறோம். வேருக்கு இடம் வேண்டுமே! சூலகத்திலும் அப்படித்தான். ஒரு முட்டை முதிரும்போது அதைச் சுற்றிய சிறு பை பல மடங்கு பெருக்க வேண்டும், அப்புறம் உடைந்து முட்டையை வெளியே விடவேண்டும். சுற்றுத் திசு இளக்கமாக இருந்தால்தான் அது எளிதாக நடக்கும். நீரைப் பிடித்து வைத்து அந்த இளக்கத்தைத் தருவது ஹையலூரானிக் அமிலம். வயது போகப் போக அது குறைகிறது, கொலாஜன் என்ற நார் பெருகுகிறது. காயம் ஆறிய இடம் தடித்து நிற்குமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் எலிகளின் சூலகத்தை மிக நுண்ணிய கருவியால் அழுத்திப் பார்த்து இதை அளந்தார்கள். வயதான சூலகம் இறுகியிருந்தது. கொலாஜனைக் கரைக்கும் நொதியைக் கொடுத்ததும் அந்த இறுக்கம் தளர்ந்தது. எனக்கு இது பெரிய நம்பிக்கையைத் தருகிறது. ஆனால் அது எலியில் நடந்தது. பெண்களின் சூலகத்தை இளக வைக்கும் மருந்து என்று இன்றைக்கு எதுவும் இல்லை. டவுனில் யாராவது லேகியம், மாத்திரை என்று விற்றால் கைக்காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, செய்யக்கூடியது என்ன? வயது 35க்குக் குறைவென்றால் ஒரு வருடம், தாண்டிவிட்டதென்றால் ஆறு மாதம். பிள்ளைக்கு முயன்றும் அதற்குள் தங்கவில்லையென்றால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லி டொக்டரைப் பாருங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குறை ஆணிடமும் இருக்கலாம், விந்துப் பரிசோதனை ஒன்றும் பெரிய வேலையில்லை. வரமாட்டேன் என்று அவர் அடம்பிடித்தால், மாமியார்மாரே, நீங்கள்தான் அவரை எழுப்பி அனுப்ப வேண்டும்.