கப்பலில் விருந்தோம்பல் படிக்க வந்திருப்பவர்களுக்கு

வணக்கம். குரூஸ் மற்றும் விருந்தோம்பல் மேலாண்மையில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் உங்களிடம் பேசச் சொன்னார்கள். நான் கடைசி ஆண்டு மாணவி. நேரே விஷயத்துக்கு வருகிறேன். பாதுகாப்பு என்பது பாடத்திட்டத்தில் ஒரு மூலையில் இருக்கும் தனிப் பாடம், பாஸ் மார்க் வாங்கினால் போதும் என்று ஒப்பேற்றிவிட்டுப் போனால், இங்கே மற்ற எந்தப் பாடமும் உங்களுக்கு முழுசாகப் புரியாது.

கப்பலில் டெக், என்ஜின், ஹோட்டல் என்று மூன்று பெரிய பிரிவுகள். பெரிய குரூஸ் கப்பல்களில் ஊழியர்களில் பெரும்பாலானவர்கள் ஹோட்டல் பிரிவில்தான் இருக்கிறார்கள். சாப்பாடு பரிமாறுகிறவர், கேபினைச் சுத்தம் செய்கிறவர், வரவேற்பு மேசையில் நிற்கிறவர் எல்லோருக்கும் அவசரகாலத்தில் செய்ய ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருக்கும். அவசரகால எச்சரிக்கையான ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு, அந்த வேலைக்கான இடத்துக்கு ஓட வேண்டும். உயிர்காப்புப் படகில் ஏறத் தயங்கும் ஒரு குடும்பத்தைக் கைபிடித்து ஏற்றப்போவது பெரும்பாலும் கேப்டன் இல்லை, இரவு அவர்களுக்கு சூப் கொண்டுவந்து கொடுத்தவர்தான்.

அதற்கான அடிப்படைப் பயிற்சி உங்களுக்கும் வரும். தீயணைப்பு, முதலுதவி, கடலில் உயிர் தப்புவது எல்லாம் அதில் அடக்கம். நீச்சல் குளத்துப் பகுதியை மட்டும் சொல்கிறேன். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு உயரத்தில் நிற்பீர்கள். ஒரு கை மூக்கையும் வாயையும் பொத்தியிருக்கும், இன்னொரு கை ஜாக்கெட்டைக் கீழே அழுத்திப் பிடித்திருக்கும், இல்லையென்றால் தண்ணீரில் விழுந்ததும் அது மேலே எகிறி தாடையில் அடிக்கும். கீழே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, பார்வையை நேரே வைத்துக்கொண்டு, குதிக்காமல் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும். அப்புறம் கவிழ்ந்து கிடக்கும் ரப்பர் மிதவையை நிமிர்த்துவது. வாயு சிலிண்டர் இருக்கும் பக்கத்தில் ஏறி நின்று, அடிப்பக்கத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, முழு உடம்போடு பின்னால் சாய்வீர்கள். மிதவை அப்படியே உங்கள் மேல் வந்து கவியும். அதன் அடியிலிருந்து மல்லாந்தபடி நீந்தி வெளியே வர வேண்டும். மேலாண்மை படிக்க வந்தவர்களுக்கு இது எதற்கு என்று அங்கே யாராவது முணுமுணுப்பார்கள். நீங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா என்ற குரூஸ் கப்பல் இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். பயணி ஏறிய 24 மணி நேரத்துக்குள் அவசர ஒத்திகை நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. அன்று புதிதாக ஏறிய பல நூறு பேர் ஒத்திகையே பார்க்காமல் கப்பலில் இருந்தார்கள். 2015 முதல், கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும் என்று விதி மாறியது. பயணிகள் ஒத்திகையில் முகம் சுளிப்பார்கள். விடுமுறை மனநிலையைக் கெடுக்காமல் அவர்களைக் கவனிக்க வைப்பதும் விருந்தோம்பல்தான் என்பது என் கருத்து.

சரி, பணத்துக்கு வருவோம். வருவாய் மேலாண்மை வகுப்பில் முதலில் தலை சுற்ற வைப்பது, குரூஸ் கப்பலின் நிரம்பும் விகிதம் சாதாரணமாகவே நூறு சதவீதத்தைத் தாண்டும் என்பது. கேபினுக்கு இரண்டு பேர் என்று கணக்கு வைத்து அதை நூறு என்கிறார்கள், மூன்றாவது நான்காவது கட்டிலில் குழந்தைகள் வந்தால் நூறுக்கு மேலே போகிறது. 2024-இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் அந்தக் கணக்கில் 5,610 பேருக்கானது, அதிகபட்சமாக 7,600 பேரை ஏற்றலாம். ஆனால் கட்டில் காலியாக இருக்கிறதே என்று விற்றுவிட முடியாது. ஒவ்வொரு கேபினும் ஒரு மஸ்டர் ஸ்டேஷனோடு, அதாவது அவசரகாலத்தில் பயணிகள் கூட வேண்டிய இடத்தோடு, இணைக்கப்பட்டிருக்கும், அந்த ஸ்டேஷனுக்குரிய உயிர்காப்புப் படகுகளில் இடம் நிரம்பிவிட்டால் அந்தப் பகுதியில் விற்பனை நின்றுவிடும். விலை போடுகிறவருக்கும் படகுக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

சமையலறையிலும் இதே கதைதான். குளிர்ந்த உணவு 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே, சூடான உணவு 57 டிகிரிக்கு மேலே. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தந்து வேகமாகப் பரவும் நோரோவைரஸ் வந்துவிட்டால் ஆல்கஹால் ஜெல்லை நம்ப முடியாது, சோப்பும் தண்ணீரும்தான் வேலை செய்யும். பஃபேயில் பயணிகள் தாங்களே எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டு ஊழியர்களே பரிமாறத் தொடங்குவார்கள். அப்போது ஆள் எங்கிருந்து வரும்? ஏற்கெனவே களைத்திருப்பவர்களிடமிருந்துதான்.

எனக்கு இந்தப் படிப்பில் மிகவும் முக்கியமாகப் படுவது இந்த இடம்தான், அதாவது ஊழியர்களின் ஓய்வு. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, ஓய்வு நேரத்தை அளவுகோலாக வைக்கும் கப்பலில் எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும், ஏழு நாளில் 77 மணி நேரம். அந்த 10 மணி நேரத்தை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது, அதில் ஒன்று 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? ஒரு சர்வர் காலை 6 முதல் 10 வரை, மதியம் 12 முதல் இரண்டரை வரை, மாலை 6 முதல் இரவு பத்தரை வரை வேலை செய்கிறார் என்று வையுங்கள். பெரிய இரண்டு துண்டுகள், இரவில் ஏழரை, பிற்பகலில் மூன்றரை, ஆக 11 மணி நேரம், சரியாக இருக்கிறது. அன்று பிற்பகல் 3 முதல் 4 வரை ஒரு பயிற்சி ஒத்திகை போடுங்கள். நாள் முழுக்கக் கூட்டினால் இன்னும் 12 மணி நேர ஓய்வு இருக்கிறது, ஆனால் பெரிய இரண்டு துண்டுகள் ஒன்பதரைதான். விதி மீறல். பணி அட்டவணை போடும் வேலை நாளை உங்கள் கைக்கு வரும், அப்போது மொத்தக் கூட்டலைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். அந்த இடைவெளிகளில்தான் ஒரு மனிதர் தூங்குகிறார், சொந்தத் துணியைத் துவைக்கிறார், வீட்டுக்குப் பேசுகிறார், அதுவும் மாதக்கணக்கில் நீளும் ஒப்பந்தத்தில்.

கடைசியாக ஒன்று, உங்கள் பெற்றோரிடமும் சொல்லுங்கள். கப்பலில் வேலை வாங்கித் தருகிறேன் என்று மாணவர்களிடம் பணம் கேட்கும் ஏஜென்ட்டுகள் வருவார்கள். அதே உடன்படிக்கைப்படி, வேலைக்கு அமர்த்துவதற்கான கட்டணத்தைக் கடலோடியிடம் வாங்கக் கூடாது. சட்டப்படி தேவையான மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் போன்றவற்றின் செலவு உங்களுடையதாக இருக்கலாம், விசா செலவு கப்பல் உரிமையாளருடையது. அதற்கு மேல் யாராவது பதிவுக் கட்டணம், உறுதிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள், அசல் சான்றிதழ்களையும் விட்டுவிட்டு வராதீர்கள். இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள், சம்பளத்தைப் பற்றிக் கேட்டாலும் பரவாயில்லை.