மேட்டூருக்குக் கீழே மீனின் வழி: வரைபடத்தில் காவிரி

வணக்கம். போன பதிவில் காவிரிக் கரையில் நின்று பேசினேன். இன்று வீட்டு மேசையில் அமர்ந்து அதே ஆற்றைக் கணினித் திரையில் காட்டப் போகிறேன். மேட்டூருக்குக் கீழே ஓடும் காவிரியில் மீன்களுக்கு மனிதர்களால் எங்கே, எவ்வளவு நெருக்கடி என்பதை, இலவசமாகக் கிடைக்கும் புவியியல் தரவுகளையும் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளையும் வைத்துக் கணக்கிட முடியுமா என்று சில வாரங்களாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

திரையில் தெரியும் சாம்பல் நிறப் படம் நிலத்தின் உயரம். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து ரேடாரால் அளந்தது. ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 30 மீட்டர். ஒரு கட்டத்தில் விழும் மழைநீர், சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எந்தப் பக்கம் சரிவு அதிகமோ அங்கே இறங்கும் என்ற விதியை மென்பொருளுக்குக் கொடுத்துவிட்டால், ஆற்றின் எந்த இடத்தைச் சொடுக்கினாலும் அதற்குத் தண்ணீர் அனுப்பும் நிலம் முழுவதும் நிறம் மாறிக் காட்டும். முக்கொம்பில் கொள்ளிடம் பிரியும் இடத்துக்கு வந்ததும் இந்த விதி திணறிவிடும், ஏனென்றால் ஒரு கட்டத்துக்கு ஒரு வழிதான் உண்டு; ஆகவே டெல்டாவை இன்று தொடவில்லை.

நொய்யல் காவிரியில் கலக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே சொடுக்குகிறேன். கரையை ஒட்டிய நிலத்தை மட்டும் எடுத்தால் வயலும் வாழையும் தென்னையுமாக இருக்கிறது. கட்டடப் பரப்பின் சதவீதத்தை வைத்துப் பார்த்தால், நெருக்கடி குறைவு என்றே மதிப்பெண் விழுகிறது. மேலே உள்ள நீர்ப்பிடிப்பு முழுவதையும் சேர்த்தால், வெள்ளியங்கிரி மலையில் தொடங்கி கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக வரும் நொய்யலின் நிலமெல்லாம் உள்ளே வந்துவிடுகிறது. இதனால்தான் ஆற்றின் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு கணக்கு போடுகிறேன்.

ஆனாலும் கட்டடப் பரப்பின் சதவீதம் சாயக்கழிவைச் சொல்லாது; செயற்கைக்கோளுக்குச் சாயப்பட்டறையின் கூரையும் பள்ளிக்கூடத்தின் கூரையும் ஒன்றுதான். பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதும் எந்த நிலப்பயன்பாட்டு அடுக்கிலும் தெரிவதில்லை. ஆற்று நீரில் நேரடியாக அளந்த உப்பின் அளவைத் தனி அடுக்காகச் சேர்த்தால்தான் அது கணக்கில் ஏறும்.

என்னை உண்மையில் தடுமாற வைத்தவை தடுப்புகள். கிராண்ட் எனப்படும் உலக அணைப் பட்டியலை இறக்கி வரைபடத்தின் மேல் போட்டேன். பெரும்பாலும் 0.1 கன கிலோமீட்டருக்கு மேல், நம் கணக்கில் சுமார் 3.5 டி.எம்.சி.க்கு மேல் கொள்ளும் நீர்த்தேக்கங்களுக்கான பட்டியல் அது. 93.47 டி.எம்.சி. கொள்ளும் மேட்டூர் பளிச்சென்று நிற்க, அதற்குக் கீழே பவானி வரை ஆறு தடையின்றி ஓடுவதாக வரைபடம் காட்டியது. மேட்டூர்–பவானி சாலையில் ஒருமுறை பேருந்தில் போனவர்கூட இதை நம்பமாட்டார். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று மின்உற்பத்திக் கதவணைகள் வரிசையாக நிற்கின்றன. எத்தனை டி.எம்.சி. என்பது பாசனக் கணக்கு. நீரோட்டத்தை எதிர்த்து மேலேறும் மீனுக்கு ஆள் உயரச் சுவரே போதும்.

ஆகவே செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு கதவணையையும் கையால் குறித்தேன். நெரிஞ்சிப்பேட்டையைப் பாருங்கள்: மேற்புறம் ஆறு ஏரிபோல் விரிந்து அசையாமல் கிடக்கிறது, கீழ்ப்புறம் இளைத்துத் திட்டுத்திட்டாக ஓடுகிறது, இரண்டுக்கும் நடுவே அடிமட்டம் வைத்துக் கிழித்ததுபோல் ஒரு கோடு. நான்கையும் சேர்த்தபின், மேட்டூருக்கும் பவானிக்கும் இடையே ஒரே துண்டாக இருந்த ஆறு ஐந்து துண்டாயிற்று.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தபின் ஓடும் ஆறும், அடைத்தபின் கிடக்கும் ஆறும் என் வரைபடத்தில் ஒன்றாகவே இருக்கின்றன. புதுவெள்ளத்தை நம்பி முட்டையிடும் மீனுக்கு அந்தத் தேதி பெரிய விஷயம். உங்கள் ஊர்ப் பக்கம் நான் குறிக்காமல் விட்ட கதவணையோ தடுப்பணையோ இருந்தால், அது இருக்கும் இடத்தோடு எந்தெந்த மாதம் கதவு ஏற்றியிருக்கும், எந்தெந்த மாதம் இறக்கியிருக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.