படமும் தையலும்தான் மதிப்பு

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் இருக்கிற அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும், இந்த மழையிலும் நாகர்கோவில் வரைக்கும் பஸ் ஏறி வந்து உட்கார்ந்திருக்கிற உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

படங்களோடு வருகிற சேகரிப்புப் பதிப்பு நாவலுக்கு மதிப்பைத் தருவது வடிவமைப்பா, அரிதாகக் கிடைப்பதா என்பது இன்றைய கேள்வி. நான் வடிவமைப்பு அணி. எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி, குறைந்த பிரதிகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண், எழுதியவரும் வரைந்தவரும் போட்ட கையெழுத்து, இந்த மூன்றும் இருந்தால்தான் அது சேகரிப்புப் பதிப்பு, மற்றதெல்லாம் நல்ல அட்டை போட்ட புத்தகம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சாட்சிக்கு அவர் கூப்பிட்டது 1935-ல் நியூயார்க்கின் லிமிடெட் எடிஷன்ஸ் கிளப் வெளியிட்ட ‘யுலிசிஸ்’ நாவலை. மொத்தம் 1500 பிரதிகள், எல்லாவற்றிலும் ஓவியர் மத்தீஸ் கையெழுத்து, அதில் 250 பிரதிகளில் மட்டும் நாவலை எழுதிய ஜேம்ஸ் ஜாய்ஸின் கையெழுத்தும் சேர்த்து. இரண்டு கையெழுத்தும் உள்ள பிரதிக்கு விலை ரொம்பக் கூடுதல் என்றார். உண்மைதான்.

சரி, அந்தப் புத்தகத்தையே திறந்து பார்ப்போம். நாவல் டப்ளின் நகரத்தில் ஒரே ஒரு நாள், 1904 ஜூன் 16 அன்று நடக்கிறது. சாப்பாட்டுக்கடை, சவ ஊர்வலம், பத்திரிகை அலுவலகம், கடற்கரை என்று ஒரு சாதாரண மனிதன் நாள் முழுக்கச் சுற்றுகிறான். மத்தீஸ் செப்புத் தகட்டில் போட்டுக் கொடுத்த ஆறு படங்களில் அவனும் இல்லை, டப்ளினும் இல்லை. ஒற்றைக்கண் அரக்கனின் கண்ணைக் குத்துகிறார்கள், கலிப்ஸோ வருகிறாள், சர்சி வருகிறாள். அதெல்லாம் ஹோமரின் பழைய கிரேக்கக் காவியமான ஒடிசியில் இருந்து எடுத்த காட்சிகள். நாவலுக்கு உள்கட்டாக நிற்பது ஒடிசிதானே என்று அக்கா எழுந்து கேட்கலாம், நியாயமான கேள்வி, ஆனால் வாசகன் பக்கத்துக்குப் பக்கம் பார்க்கிற ஊரும் ஆளும் படத்தில் ஒரு இடத்திலும் தலைகாட்டவில்லை என்றால் அந்தப் படங்கள் அந்த நாவலுக்கு வரைந்தவை என்று எப்படிச் சொல்வது? கையெழுத்துக்கு விலை ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பெரிய ஓவியரும் ஒரு பெரிய நாவலும் ஒரே அட்டைக்குள் ஒட்டாமல் கிடப்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குக் கிடைக்காது, கொண்டுவந்து தந்த அண்ணாச்சிக்கு நன்றி.

அடுத்து இந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். செப்புத் தகட்டில் அமிலம் வைத்து அரித்து, மை தடவி, ஒவ்வொரு தாளாக அழுத்தி எடுக்கும்போது தகடு தேயும். கொஞ்சம் பிரதிகளுக்கு அப்புறம் மெல்லிய கோடுகள் மங்கிவிடும். அதனால்தான் எத்தனாவது பிரதி என்று எண் போட்டார்கள், இத்தனைக்கு மேல் இல்லை என்று நிறுத்தினார்கள். 1896-ல் வில்லியம் மோரிஸ் தன் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் நூல்களை 87 படங்களோடு அச்சிட்டபோது காகிதத்தில் 425 பிரதிகள்தான் போட்டார். கையால் செய்த தாள், அவரே வரைந்த எழுத்துரு, கையால் இழுக்கிற அச்சு இயந்திரம், அதில் லட்சம் பிரதியா போட முடியும்? வேலையின் கடுமைதான் எண்ணைக் குறைத்தது. இன்றைக்கு ஓவியம் கணினியில் கோப்பாக இருக்கிறது, ஆஃப்செட்டில் ஐந்நூறாவது தாளும் ஐயாயிரமாவது தாளும் ஒன்றுபோலவே விழும், தேய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அப்படி இருந்தும் 500 என்று நிறுத்துகிறார்கள் என்றால் அது விற்பனைத் துறை எடுத்த முடிவு. தொழில் அப்படிக் கேட்கவில்லை.

ராக்வெல் கென்ட் என்ற ஓவியர் ‘மோபி டிக்’ என்கிற திமிங்கில வேட்டை நாவலுக்குப் படம் போட்டார். 1930-ல் அது மூன்று தொகுதிகளாக அலுமினியப் பெட்டிக்குள் 1000 பிரதிகள் வந்தது. அதே ஆண்டு அதே படங்களோடு ஒரே தொகுதியாகச் சாதாரண விலைப் பதிப்பும் வந்துவிட்டது. பெட்டியில் வந்த திமிங்கிலத்துக்கும் சாதாரணப் பதிப்பில் வந்த திமிங்கிலத்துக்கும் கோட்டில் என்ன வித்தியாசம்? அந்தச் சாதாரணப் பதிப்பின் அட்டையில் கென்ட் பெயர் இருந்தது, நாவலை எழுதிய மெல்வில்லின் பெயரையே விட்டுவிட்டார்கள், அந்த அளவுக்குப் படம் பேசியிருக்கிறது!

வெளிநாடு போதும். நம்ம வீட்டுப் பரணுக்கு வருவோம். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரா வாரம் ஓவியர் மணியத்தின் படங்களோடு வந்தது. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பலர் வீட்டில் தாத்தாவோ பெரியம்மாவோ அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, வாரம் தவறாமல் அடுக்கி, பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ துணி ஒட்டித் தைத்து வாங்கி வைத்திருப்பார்கள். நான் சொல்கிறேன், தமிழில் சித்திர நாவலின் முதல் சேகரிப்புப் பதிப்பு அதுதான். எண் கிடையாது, கையெழுத்து கிடையாது, ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போன வார இதழின் தாள். கோயில் சிற்பத்தில் நாம் பார்க்கிற கொண்டையையும் அணிகலனையும் மணியம் குந்தவைக்கும் நந்தினிக்கும் கொடுத்தார், அதன்பிறகு அந்த முகங்களை விட்டுவிட்டு அந்த நாவலை நினைக்கவே நம்மில் பலரால் முடியவில்லை. 1999-ல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபிறகு ஆளாளுக்குப் பதிப்பித்தார்கள், படமே இல்லாத பதிப்புகள் நிறைய, விலையும் குறைவு. அப்படியும் பழைய பைண்டிங்கை யாராவது எடைக்குப் போடுவார்களா? தொடர் பத்திரிகையில் ஓவியருக்கு ஒரு அத்தியாயத்துக்கு ஓரிரண்டு படத்துக்குத்தான் இடம் கிடைக்கும், எந்த நொடியை வரைவது, எதை வரையாமல் விடுவது என்று அவர் கதையைப் படித்து முடிவு செய்தாக வேண்டும். அந்தப் படிப்புக்குத்தான் நான் மதிப்புப் போடச் சொல்கிறேன்.

இன்றைக்கு வருகிற பல சிறப்புப் பதிப்புகளில் இந்தப் படிப்பு இல்லை என்பதுதான் என் ஆத்திரம். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் சாகிறவனின் சாவைப் பன்னிரண்டாம் அத்தியாயத்துக்கு எதிர்ப்பக்கத்தில் முழுப்பக்கப் படமாக வைக்கிறார்கள். இடது கன்னத்துத் தழும்பு அடுத்த படத்தில் வலது கன்னத்துக்குப் போய்விடுகிறது. நம்ம குமரிக் கரையில் நடக்கிற கதை என்றால் இன்னும் கவனம் வேண்டும். கட்டுமரம் என்பது மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது, அதற்கு உட்குழி கிடையாது, வள்ளத்துக்கு உண்டு. இதைக் குழப்பி வரைந்துவிட்டு மேலே தங்கமுலாம் பூசினால் குளச்சல்காரர்கள் முதல் பார்வையிலேயே புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்கள். பனையேறியை வரைகிறவர் காலில் தளைநாரும் இடுப்பில் அரிவாள் பெட்டியும் இல்லாமல் வரைந்தால் அந்த ஆள் எப்படி மேலே ஏறுவான்?

இனி தையல். புத்தகத்தை நடுவில் விரித்துப் பாருங்கள். பாரம் என்பது ஒன்றாக மடித்த பதினாறு பக்கத் தாள்கட்டு, ஒவ்வொரு பாரத்தின் நடு மடிப்பிலும் நூல் தெரிய வேண்டும். தெரிந்தால் தைத்தது, தெரியாவிட்டால் முதுகைச் சீவிப் பசை போட்டு ஒட்டியது. மேலே தோல் அட்டை, பட்டு ரிப்பன், உள்ளே வெறும் பசை என்று பெரிய விலைக்கு வந்த புத்தகத்தை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன், விரித்ததும் முதுகு விரிசல் விட்டது, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைந்த படத்தில் நடுவில் நிற்கிற பெண்ணின் பாதி முகத்தை மடிப்பு விழுங்கிவிட்டது. இதைச் செய்தவர்களுக்கு அந்த ஓவியர் மேல் என்ன மரியாதை இருந்திருக்கும்?

நம்ம மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு, கடற்காற்று எப்போதும் உண்டு. பளபளப்பான ஆர்ட் பேப்பரில் படங்களை அச்சிட்டு, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் உறையில் மூடி அலமாரியில் வைத்தால் ஈரம் எங்கே போகும்? நனைந்தால் ஆர்ட் பேப்பரின் பூச்சு இளகி ஒரு தாளோடு இன்னொரு தாள் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரிந்து வரும். மாவுப் பசைக்கு ராமபாணப் பூச்சி வேறு வரும். அடிக்கடி எடுத்துப் புரட்டுகிற புத்தகத்துக்குக் காற்று கிடைக்கிறது, பூச்சி இருந்தால் நம் கண்ணிலும் படுகிறது. அரிதாக வைத்திருக்க வேண்டும் என்பதற்காகத் திறக்காமலே வைத்திருப்பது இந்த ஊரில் புத்தகத்தைக் கெடுக்கிற வழி. அண்ணாச்சிக்கு இது தெரியாதது இல்லை.

எதிரணி அக்கா ஒரு நல்ல வாதம் வைத்தார், அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் இல்லை. குறைந்த பிரதி என்று அறிவித்தால்தான் ஆட்கள் முந்திக்கொண்டு பணம் கட்டுவார்கள், அந்தப் பணத்தில்தான் ஓவியருக்கு நல்ல சம்பளம் கொடுக்க முடியும் என்றார். ஓவியருக்குப் பணம் போக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் அதற்குத் தமிழ்ப் பதிப்பாளர்களிடம் ஏற்கெனவே முன்வெளியீட்டுத் திட்டம் என்று ஒரு நல்ல வழி இருக்கிறது. எத்தனை பேருக்கு வேண்டும் என்று கேட்டுப் பணம் வாங்கி அத்தனை பேருக்கும் அச்சிட்டுக் கொடுப்பது. யாரையும் வெளியே நிறுத்தாமலே ஓவியருக்கும் தையல்காரருக்கும் கூலி வந்துவிடும். 501-ஆவது ஆளாகக் கேட்டு வருகிற தக்கலைக் கல்லூரிப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதால் ஓவியருக்கு ஒரு ரூபாய் கூடப்போவதில்லை, அந்தப் பிரதியை இரட்டை விலைக்கு மறுவிற்பனை செய்கிறவருக்குத்தான் கூடும்.

நடுவர் அவர்களே, அடுத்து அண்ணாச்சி அணியில் இருந்து பேச வருகிறவர் எனக்கு ஒன்றை மட்டும் சொல்லட்டும். அவர் வாங்கி வைத்திருக்கிற எண் போட்ட சித்திரப் பதிப்பில் அவருக்குப் பிடித்த படம் எது, அது கதையில் எந்த இடத்துக்கு வரைந்தது, அந்த இடத்தில் அந்த ஓவியர் வரையாமல் விட்டது என்ன? அதைச் சொல்லிவிட்டு அரிதைப் பற்றிப் பேசட்டும், நான் உட்கார்ந்து கேட்கிறேன். நன்றி, வணக்கம்.