சோப்பு இல்லை என்று யாரும் சொல்வதில்லை

(கோத்தகிரியில் மகளிர் குழுக்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அக்காமார்களே, தங்கைகளே, பின்னால் நிற்கிற தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கிராம சுகாதார செவிலியராக 26 வருடம் இந்த மலையில் ஏறி இறங்கியவள் நான். அரவேணு பக்கம், சோலூர்மட்டம் பக்கம், கீழ்கோத்தகிரி பக்கம் என்று நான் போகாத தோட்டத் தொழிலாளர் லைன் வீடு குறைவு. அரிசி வாங்க என்னிடம் உதவி கேட்டிருக்கிறார்கள். பஸ்ஸுக்குக் காசு கேட்டிருக்கிறார்கள். "நர்சம்மா, துணி துவைக்கச் சோப்பு இல்லை" என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. எல்லா வீட்டிலும் சோப்பு இருந்தது என்று பல வருடம் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கார்த்திகை மாதம். விடாமல் மழை. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் சிரங்கு. மருந்து கொடுத்து, "வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் தடவுங்கள், உடுத்திய துணி, போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்துக் காயப்போடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று வாரத்தில் திரும்பவும் வந்தது. அந்த அம்மாவைக் கடிந்துகொண்டேன். மறுபடியும் மருந்து, மறுபடியும் சிரங்கு, மறுபடியும் கடிந்துகொண்டேன். மூன்றாவது முறை போனபோதுதான் பின்பக்கத் துவைக்கிற கல்லைப் பார்த்தேன். அதன் மேல் நகம் பருமனுக்கு ஒரு சோப்புத் துண்டு, மழை படாமல் சிரட்டை கவிழ்த்து வைத்திருந்தது. மூத்த பெண்ணின் பள்ளிச் சட்டைக் காலருக்கு மட்டும் என்று அதைக் காப்பாற்றி வைத்திருந்தார். நான் சொன்னபடி செய்ய அவருக்கு மனம் இருந்தது, சோப்பு இல்லை. அதை வாய்விட்டுச் சொல்வதைவிட என்னிடம் திட்டு வாங்குவதே மேல் என்று இருந்திருக்கிறார்.

அந்தச் சிரட்டைதான் என்னை இன்று இங்கே பேச வைத்திருக்கிறது.

பசி என்று சொன்னால் நம் ஊரில் யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை. வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. ரேஷனில் 2011 ஜூனிலிருந்து அரிசிக்கு விலையே இல்லை. சர்க்கரை, துவரம் பருப்பு, பாமாயில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் அந்த அரிசியை வடித்த சட்டியைக் கழுவ எது? அமெரிக்காவிலும் இதே கதைதான். ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தரும் உணவு அட்டையை வைத்துச் சோப்போ துணித்தூளோ வாங்க முடியாது. அதனால்தான் அங்கே சில ஊர்களில் இவற்றுக்கென்றே தனி அலமாரி வைத்து, ஊர்க்காரர்களே முறை போட்டு நடத்துகிறார்கள். நம் பக்கத்திலும் முன்மாதிரி உண்டு. சென்னை பெசன்ட் நகரில் 2017இல் 'ஐயமிட்டு உண்' என்று பெயர் வைத்துப் பொதுக் குளிர்பெட்டி ஒன்றை வைத்தார்கள். இருப்பவர் வைக்கலாம், வேண்டியவர் எடுக்கலாம். அதே ஏற்பாட்டைச் சோப்புக்கும் துடைப்பத்துக்கும் செய்வோம் என்கிறேன்.

நம் மலைக்கு இது கூடுதலாகவே தேவை. மார்கழி, தையில் உறைபனி விழுந்தால் தேயிலை கருகும், கொழுந்து குறையும், கூலியும் குறையும். சின்னத் தோட்டம் வைத்திருப்பவருக்கும் அதே கஷ்டம். கை சுருங்கும்போது மளிகைச் சீட்டிலிருந்து முதலில் அடிபடுவது சோப்பும் பினாயிலும்தான். போகிக்கும் பொங்கலுக்கும் வீடு சுத்தம் செய்ய வேண்டியதும் அதே நேரத்தில்தான் வரும். மொத்தமாக வாங்கக் கையில் காசு இல்லாதவர் சின்னச் சின்னப் பாக்கெட்டாக வாங்குவார். கணக்குப் பார்த்தால் வசதியானவரைவிட அதிக விலை கொடுத்திருப்பார்.

செலவைப் பார்ப்போம். முதலில் 30 குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணிக்கு ஒன்று, குளிக்க ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று, மாதம் 3 கட்டி. மொத்தம் 90. ஒரு கட்டி 10 ரூபாய் என்றால் 900 ரூபாய். இங்கே இருக்கும் குழுக்கள் பிரித்துக்கொண்டால் பெரிய தொகை இல்லை. அமாவாசைக்கு அன்னதானம் செய்கிறவர்களிடம் ஒரு மாதம் இதற்குக் கேட்கலாம். பினாயிலைக் கடையில் வாங்க வேண்டாம், அதைத் தயாரிக்கும் மகளிர் குழுக்களிடமே கேன் கேனாக வாங்குவோம், காசு நம் பெண்களிடமே சுற்றும். ஒட்டடைக் குச்சி, நீளப் பிரஷ், ஏணி மாதிரியானவற்றை யாரும் சொந்தமாக வைத்துக்கொள்ளத் தேவையில்லை. எடுத்துப்போய் வேலை முடிந்ததும் திருப்பி வைக்கலாம்.

அப்புறம், எனக்கு மிக முக்கியமாகப் படுவது. வாங்குகிறவர் பெயரை எழுதக் கூடாது. கார்டு கேட்கக் கூடாது. எத்தனை சோப்பு வந்தது, எத்தனை போனது, இது மட்டும்தான் நோட்டில். போட்டோ கூடவே கூடாது. கொடுப்பவர் படமும் வேண்டாம், வாங்குபவர் படமும் வேண்டாம், எந்தக் கட்சி ஸ்டிக்கரும் வேண்டாம். ஒரு தாய் ஒரு கட்டிச் சோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்து நிற்பதை என்னால் தாங்க முடியாது. யாராவது இரண்டு கட்டி கூடுதலாக எடுத்தால்? எடுக்கட்டும். அவர் வீட்டுக் கம்பளி வெளுக்கும், அவ்வளவுதானே. வேலை முடிந்து வரும் நேரத்துக்கு, சாயங்காலம் 5 முதல் 7 வரை திறந்திருக்க வேண்டும். பகல் 11 மணிக்குத் திறந்தால் கொழுந்து பறிக்கிறவர்கள் எப்படி வருவார்கள்?

சரி, இனி நர்சாகச் சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிளீச்சிங் பவுடர் ஈரக்காற்று பட்டாலே வீரியம் இழந்துவிடும். நம் மூடுபனியில் அதைக் காகிதப் பொட்டலமாக வைத்தால் இரண்டு மாதத்தில் வெறும் சுண்ணாம்புதான். இறுக்கமான மூடி போட்ட டப்பாவில், வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வையுங்கள். கரைத்த தண்ணீரை அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள். கழிப்பறை ஆசிட்டை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆசிட்டும் பிளீச்சிங்கும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைக்கும். கீழே சமவெளியில் ஜன்னல் திறந்திருக்கும். நாம் குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்து வைத்துக்கொண்டு கழுவுகிறவர்கள்.

இன்னொன்று, குடிதண்ணீர் பாட்டிலிலும் கலர் பாட்டிலிலும் பினாயில் ஊற்றித் தரவே கூடாது. வெள்ளைப் பினாயில் தண்ணீர் பட்டால் பால் மாதிரி ஆகிவிடும். தவழ்கிற பிள்ளைக்கு என்ன தெரியும்? பழைய பினாயில் பாட்டிலையே கொண்டுவரச் சொல்லி அதிலேயே நிரப்பித் தருவோம், குப்பையும் சேராது. ஏதாவது குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள், பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

கம்பளி காயாது என்று எல்லோரும் சொல்கிறீர்கள், உண்மைதான். சிரங்கு வந்த வீட்டில் துவைக்க முடியாத கம்பளியைப் பையில் போட்டு இறுக்கக் கட்டி, நம் குளிருக்கு ஒரு வாரம் தொடாமல் வையுங்கள். ஆள் உடம்பு கிடைக்காமல் பூச்சி செத்துவிடும். அழுக்குத் தண்ணீரை ஓடையில் விடாமல் செடிகளின் பக்கம் திருப்பிவிடுங்கள். நம் ஓடைகள் பவானிக்குப் போகின்றன, கீழே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அந்த வீட்டுப் பாட்டிமார் சோப்பைச் சவுக்காரம் என்பார்கள். கப்பலில் வந்தபோது மூட்டையில் ஒரு கட்டிச் சவுக்காரம் வைத்திருந்ததாக ஒரு பாட்டி என்னிடம் சொன்னார். புது ஊரில் அழுக்காக இறங்கக் கூடாது என்று நினைத்தாராம். அலமாரியில் பெயர் எழுதும்போது சோப்பு என்பதோடு அந்தச் சொல்லையும் எழுதுங்கள். பாட்டிமாருக்கு அது தங்களுக்கும்தான் என்று தெரியட்டும்.

அலமாரி வந்துவிட்டது, நூலகத்துக்குப் பக்கத்து அறையில் இருக்கிறது. முதல் 90 கட்டியும் வாங்கி வைத்தாயிற்று. பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம் இருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் நான் திறக்கிறேன். மற்ற நாட்களுக்கு இந்த இன்னொரு சாவியை வாங்கிக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். யார் வருகிறீர்கள்?