கண்மாய்க்குள் நிற்கும் கல்தூண்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மலையடிவார ஊர்களில் ஓடைத் தண்ணீரை மேட்டிலிருந்து விழவிட்டு, சக்கரத்தைச் சுழற்றி மாவரைத்தார்கள். நம் ராமநாதபுரம் கடற்கரைச் சீமையில் அது நடக்காது. தண்ணீர் விழுவதற்கு இங்கே மேடே கிடையாது. ஆனால் தண்ணீரின் விசையையே வேலை வாங்கும் கருவி ஒன்றை நம் முன்னோர் இங்கேயும் செய்து வைத்தார்கள். கோடையில் கண்மாய் வற்றியதும், கரைக்குச் சற்று உள்ளே தள்ளி இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் குமிழி மடை.

தூண்களை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. விஷயம் அடியில் இருக்கிறது. கண்மாயின் தரைமட்டத்தில் ஒரு கல்தொட்டி. அதன் மேல்மூடியில் ஒரு பெரிய துளை, அது நீரோடி. தொட்டியின் பக்கவாட்டில், தரையை ஒட்டிச் சிறு துளைகள், அவை சேறோடி. தூண்களுக்கு நடுவே உள்ள குறுக்குக் கற்களின் வழியே ஒரு கம்பு இறங்கும். அதன் நுனியில் ஆட்டுக்கல் குழவி மாதிரி ஓர் அடைப்பு நீரோடியை மூடியிருக்கும். அடைப்பைத் தூக்கியதும் தண்ணீர் வேகமாகத் தொட்டிக்குள் பாய்கிறது. அந்த வேகம் சுற்றியிருக்கும் வண்டலையும் சேறோடி வழியே உள்ளே இழுக்கிறது. இரண்டும் கலந்து, கரைக்கு அடியில் போகும் சுருங்கை வழியாக வயலுக்குப் போய்ச் சேருகின்றன. பாசனம் நடக்கும்போதே மடையடி தூர்வாரப்படுகிறது, வயலுக்கும் உரம் கிடைக்கிறது. இதைக் காட்டிலும் சிக்கனமான ஏற்பாட்டை நான் அறியேன்.

இந்தப் பக்கம் வண்டல் சின்ன விஷயமல்ல. வைகையின் கடைமடை நாம். ஆண்டு மழை 800 மில்லிமீட்டரைச் சுற்றித்தான், அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். நிலத்தடி நீரோ பல ஊர்களில் உப்பு. கண்மாயில் ஓர் அடி வண்டல் ஏறினால், ஓர் அடித் தண்ணீர் கடலுக்குப் போச்சு என்று அர்த்தம். ஆர்.எஸ். மங்கலம், அதாவது ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். பாண்டிய மன்னன் ராஜசிம்மன் பெயரைத் தாங்கிய ஊர். கரை மட்டும் சுமார் 20 கிலோமீட்டர். அவ்வளவு பெரிய கரையை மண்ணால் எழுப்பியவர்கள் மடையைக் கல்லில் செய்தார்கள் என்றால், எது முதலில் பழுதாகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மடையைத் திறக்க நீர்பாய்ச்சி என்ற ஊர்ப் பணியாளர் வேண்டும். பெருவெள்ளத்தில் தூணைப் பிடித்து இறங்கி, மூழ்கி அடைப்பை எடுப்பது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. அறுவடைக் களத்தில் அவருக்கு நெல் அளந்தார்கள். ஆண்டுதோறும் ஊரே மண்வெட்டியோடு கண்மாயில் இறங்குவது குடிமராமத்து. 1803இல் சேதுபதி மன்னர்களின் இந்த ராமநாதபுரம் சீமை ஜமீன் ஆனது, வரி வசூல் பெரிதானது, பராமரிப்பு தளர்ந்தது. ஊர்க் கடமையாக இருந்த குடிமராமத்தை நிலைநிறுத்த 1858இல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட வேண்டி வந்தது. அப்புறம் ஜமீனும் போய், கண்மாய்கள் அரசு வசம் வந்தன. குமிழி இருந்த இடத்தில் கரையோரமாக இரும்பு ஷட்டர் வந்தது. ஷட்டரைத் திருகுவது சுலபம், ஆள் மூழ்க வேண்டியதில்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஷட்டருக்குச் சேறோடி இல்லை.

2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசுத் திட்டம் தொடங்கியது. கரைகள் உயர்ந்தன, சீமைக் கருவேலம் வெட்டப்பட்டது, நல்லதுதான். என் மனத்தாங்கல் வேறு. ஓர் ஊரில் ஜேசிபி வாளியில் குமிழித் தூண் இரண்டாக முறிந்து கரையோரம் கிடந்ததைப் பார்த்தேன். இந்தத் தூண்கள் சிலவற்றில் கல்வெட்டு உண்டு, மடையைச் செய்து கொடுத்தவர் பெயர் உண்டு. அன்று என்னால் சோறு இறங்கவில்லை.

குமிழியைச் சீரமைப்பது முடியாத காரியமல்ல. சித்திரை முதல் ஆனி வரை கண்மாய் காய்ந்திருக்கும்போது, தொட்டியைச் சுற்றி இயந்திரம் வைக்காமல் கையால் மண்ணெடுக்க வேண்டும். சேறோடித் துளைகளைத் தேடித் திறக்க வேண்டும், பெரும்பாலும் அவைதான் முதலில் அடைபட்டிருக்கும். சுருங்கைக்குள் கருவேல வேர் புகுந்திருந்தால் முழுதாக எடுக்க வேண்டும், மிச்சம் விட்டால் கசிவு தொடங்கி கரையையே அரித்துவிடும். கல் இணைப்புகளுக்குச் சிப்பிச் சுண்ணாம்பு போதும், நம் கடற்கரையில் கிளிஞ்சலுக்குப் பஞ்சமில்லை. ஆள் மூழ்காமல் கரையிலிருந்தே அடைப்பைத் தூக்க, தூண்மேல் ஒரு திருகு கம்பி பொருத்திக்கொள்ளலாம். பழையது அப்படியே இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை, சேறோடி வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் ஊர்க் கண்மாயில் அடுத்த கோடையில் வேலை வருகிறது என்றால், அதில் பாசனம் பெறும் ஆயக்கட்டு விவசாயிகள் முன்கூட்டியே போய் ஒவ்வொரு குமிழியையும் சுற்றிக் கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். தூணில் எழுத்து இருந்தால் படம் எடுத்து வையுங்கள். மதிப்பீடு போட வரும் பொறியாளரிடம், குமிழிச் சீரமைப்பு என்று தனியாக ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மதிப்பீட்டில் இல்லாத வேலைக்குப் பிறகு பணம் வராது.

வணக்கம்.